காமன் பொட்டல்: கண்டி மலைகளின் கூத்துத் திருவிழா

சுவிற்சர்லாந்தில் வாழும் நண்பர் ஒருவர் 2022 ஆம் ஆண்டு கோடையில் எனக்கு ஒரு நீண்ட மின்னஞ்சல் எழுதியிருந்தார். ஜெர்மனியின் பவேரிய ஆல்ப்ஸ் மலைச்சாரலில் உள்ள ஓபெரமர்காவ் என்னும் கிராமத்துக்கு நாடகம் பார்க்கப் போய்வந்ததாகச் சொல்லியிருந்தார். ஏறத்தாழ ஐயாயிரம் பேர் வாழும் சிற்றூர் அது. 1633 இல் கொள்ளைநோய் சூழ்ந்தபோது ஊரார் ஒரு நேர்த்திக்கடன் வைத்தார்கள். நோய் நீங்கினால் இயேசுவின் பாடுகளை நாடகமாக ஆடுவதாக வாக்குக் கொடுத்தார்கள். 1634 இல் முதல் முறை ஆடினார்கள். பின்னர் பத்தாண்டுக்கு ஒரு முறை ஆடும் வழக்கம் ஏற்பட்டது. 2020 இல் ஆட வேண்டியதை இன்னொரு கொள்ளைநோய் இரண்டாண்டு தள்ளிவைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோகஸ் டெட்லர் என்ற அந்த ஊர் ஆசிரியர் அமைத்த இசையே இன்றும் அந்நாடகத்துக்கு அடிப்படை. தச்சர், கடைக்காரர், மருத்துவர் என ஊராரே நடிகர், ஊராரே பாடகர்.

கடிதத்தின் முடிவில் நண்பர் கேட்டிருந்தார்: "அண்ணை, எங்கடை நாட்டு மலையளிலை இப்பிடி ஒண்டு இருந்ததே?"

இருந்தது. இன்றும் சில இடங்களில் இருக்கிறது. ஆனால் அதைப் பார்க்க வெளிநாட்டார் சீட்டு வாங்கி வருவதில்லை. கண்டி என்றதும் உலகத்தார் நினைவுக்கு வருவது தலதா மாளிகையும் எசல பெரஹெராவுமே. அந்த ஊர்வலத்தின் பறையொலி கேட்கும் நகரிலிருந்து சில கட்டைகள் மலையேறினால் தேயிலைத் தோட்டங்கள் தொடங்குகின்றன. அத்தோட்டங்களில் மாசி மாதத்து இரவுகளில் தப்பு முழங்க ஆடப்படுவது காமன் கூத்து. நண்பருக்கு அன்று சுருக்கமாகப் பதில் எழுதிவிட்டேன். விரிவாக எழுத வேண்டிய கடன் ஒன்று எனக்கு நெடுநாளாக இருக்கிறது. அதைத்தான் இங்கே தீர்க்க முயல்கிறேன்.

காமன் கதை நம் இலக்கியத்துக்குப் புதிதன்று. ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் முதல் பத்துப் பாசுரங்கள் காமனை நோக்கி, தையிலும் மாசியிலும் நோற்கும் நோன்பாக அமைந்தவை. தவத்தில் இருந்த சிவன்மேல் மலர்க்கணை தொடுத்த மன்மதன் நெற்றிக்கண் நெருப்பில் சாம்பலானதைக் கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தில் காமதகனப் படலமாகப் பாடினார். மயிலாடுதுறைக்கு அருகே உள்ள திருக்குறுக்கை, அந்த எரிப்பு நடந்த தலமாக அட்டவீரட்டங்களுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. தஞ்சை வட்டாரத்தில் மராட்டியர் வழியாக வந்த லாவணிப் பாடல் இக்கதையைப் பற்றிக்கொண்டு வளர்ந்தது. காமன் எரிந்தான் என்று ஒரு கட்சியும், எரியவில்லை என்று இன்னொரு கட்சியும் விடிய விடியப் பாட்டிலேயே வழக்காடும். இரு கட்சிக்கும் கதையில் இடமுண்டு. ஏனெனில் ரதியின் அழுகைக்கு இரங்கிய சிவன் மன்மதனை மீண்டும் எழுப்புகிறார். ஆனால் அவன் உருவம் ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரியும். மற்றவர்க்கு அவன் அனங்கன், உடல் அற்றவன். இந்த முடிவை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இக்கதை கண்டி மலைக்கு எப்படி வந்தது? கம்பளைக்கு அருகே சிங்ஹபிட்டியவில் 1820களில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் திறந்ததிலிருந்து தமிழகத்து உழைப்பாளர் இம்மலைகளுக்கு அழைத்து வரப்பட்டார்கள். கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்த பயணத்தில் மாண்டவர் பலர். அக்காலத்தில் அவர்களிற் பெரும்பாலோர் அறுவடைக்கு வந்து, அது முடிந்ததும் ஊர் திரும்பியவர்கள். கோப்பி பறிக்கும் பருவம் ஆண்டின் பிற்பகுதியில் வருவது. மாசி பிறக்கும்போது பலர் தங்கள் சொந்த ஊரில் இருந்திருப்பார்கள். காமனை அங்கேயே எரித்திருப்பார்கள்.

தேயிலை இதை மாற்றியது. 1867 இல் கண்டி மாவட்டத்து லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதம் வந்ததும் அதே ஆண்டில்தான். 1869 இல் கோப்பி இலைகளில் ஒரு துரு நோய் காணப்பட்டது; அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பிப் பயிர்ச்செய்கையே அழிந்தது. அதன் இடத்துக்குத் தேயிலை வந்தது. தேயிலைக்கு அறுவடைப் பருவம் என்று ஒன்றில்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். கொழுந்தெடுக்கப் பெண்களின் கை வேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாக மக்கள் லயங்களில் தங்கினார்கள். மாசிப் பௌர்ணமி மலையிலேயே வரத் தொடங்கியது. காமன் கூத்து மலையகத்தில் வேர்கொண்டது இவ்வாறுதான் என்று நான் கருதுகிறேன். வந்துபோகும் கூலிக்கு ஒரு திருவிழா தேவையில்லை. தங்கிவிட்ட குடிக்கு அது தேவை.

விழா நடக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தோட்டத்துக்குத் தோட்டம் இது சிறிது வேறுபடும். மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் பிறை நாளில் காமன் கம்பம் ஊன்றுவார்கள். கரும்பும் ஆமணக்கும் வேறு சில மரக் கொம்புகளும் சேர்த்து வைக்கோற்பிரி சுற்றியது அக்கம்பம். அதை ஊன்றும் திறந்த வெளிக்குக் காமன் பொட்டல் என்று பெயர். அன்று முதல் வேடம் கட்டுவோர் நோன்பு காப்பார்கள். ரதி, மன்மதன் வேடங்கள் பெரும்பாலும் நேர்த்திக்கடனாக ஏற்கப்படுபவை, ரதியும் ஆண்தான். லயத்து மக்களே பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாருமாகப் பிரிந்து திருமணம் நடத்துவார்கள். பின் மன்மதன் சிவனின் தவத்தைக் கலைக்கப் புறப்படுவான். 'போகாதே' என்று ரதி தடுப்பாள். தூதன், நந்தி, வீரபத்திரன், எமன், குறவன், குறத்தி என்று ஒவ்வொரு வேடமாகப் பொட்டலுக்கு வரும். பௌர்ணமி இரவில் கம்பத்தில் தீ வைக்கப்படும். விடியும்வரை ரதி புலம்புவாள். மூன்றாம் நாள் மன்மதனை உயிர் எழுப்புவார்கள். இந்த நாட்கள் முழுவதும் தப்பின் அடிக்கு ஏற்பவே வேடங்கள் அசையும். அடி மாறினால் ஆட்டம் மாறும்.

பகலெல்லாம் மலையில் உழைத்து, விடிகாலைப் பெரட்டுக்கு மீண்டும் நிற்க வேண்டியவர்கள் இதைச் செய்தார்கள் என்பதை மறக்கலாகாது. பொட்டல் இருந்த நிலம் தோட்டத்துக்குச் சொந்தம். தப்பு முழங்குவதற்குத் துரையின் அனுமதி வேண்டும். ஆல்ப்ஸ் கிராமத்தார்க்கும் நம் மக்களுக்கும் உள்ள முதல் வேறுபாடு இதுவே. அவர்கள் தம் சொந்த ஊரில் ஆடினார்கள். இவர்கள் பிறருடைய நிலத்தில் ஆடி, ஆடும் நாட்களிலாவது அதை ஊராக்கிக்கொண்டார்கள்.

பாட்டும் கூத்தும் இம்மக்களிடம் எத்தகைய ஆற்றல் கொண்டிருந்தன என்பதை முதலில் உணர்ந்த அரசியலாளர் கோ. நடேசய்யர் என்று சொல்லலாம். தஞ்சை மண்ணில் பிறந்து 1920 இல் இலங்கைக்கு வந்த அவர், பத்திரிகையாளராகவும் தொழிற்சங்கவாதியாகவும் விளங்கியதோடு நாடகமும் எழுதினார். அவர் துணைவியார் மீனாட்சி அம்மை தொழிலாளர் துயரத்தை மக்களுக்குப் பழகிய மெட்டுகளில் பாட்டாக்கித் தோட்டம் தோட்டமாகப் பாடினார். மேடைப் பேச்சை விடப் பாட்டு லயத்துக்குள் எளிதாக நுழையும் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள்.

1947 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இம்மக்கள் வாக்களித்தார்கள். நாவலப்பிட்டியில் கே. ராஜலிங்கமும் தலவாக்கலையில் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளையும் வென்று நாடாளுமன்றம் சென்றார்கள். தோட்டத்து மக்களின் வாய்மொழிப் பாடல்களைப் பிற்காலத்தில் தொகுத்து 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று நூலாக்கியவரும் அதே சி.வி.தான். மறு ஆண்டு வந்தது 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம். இந்நாட்டில் பிறந்தால் மட்டும் போதாது, தந்தையும் இங்கே பிறந்தவர் என்று சான்று காட்ட வேண்டும் என்றது சட்டம். பிறப்புப் பதிவு இல்லாத லயத்தில் எந்தச் சான்றைத் தேடுவது? 1949 இல் வாக்குரிமையும் போயிற்று. ஓபெரமர்காவில் பிறவாதவரும் இருபது ஆண்டு அங்கே வாழ்ந்துவிட்டால் கூத்தில் ஆடும் உரிமை பெறுகிறார் என்று நண்பர் எழுதியிருந்தார். அதைப் படித்தபோது இந்தச் சட்டம்தான் என் நினைவுக்கு வந்தது. இங்கே மூன்று தலைமுறை வாழ்ந்தவர் அந்நியர் ஆனார்.

1964 அக்டோபர் 30 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு என்றது அது. 1974 இல் அந்த எஞ்சியோரையும் ஆளுக்குப் பாதியாக, எழுபத்தையாயிரமாக, இரு நாடுகளும் பகிர்ந்துகொண்டன. யார் எங்கே போக விரும்புகிறார்கள் என்பது ஒப்பந்தம் எழுதியோரின் கணக்கில் இல்லை.

நான் பத்திரிகைத் தொழிலில் புதிதாகச் சேர்ந்திருந்த காலம் அது. எழுபதுகளின் நடுப்பகுதியில் ஒரு மாசி மாதம், கண்டியில் கடவுச்சீட்டுக்காகக் காத்து நிற்போரைப் பற்றிச் செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். வரிசையில் நின்ற ஒருவர் அன்றிரவு தம் தோட்டத்தில் கூத்து என்று அழைத்தார். பேராதனை வழியாகக் கலஹாவுக்கு பஸ்ஸில் போய், அங்கிருந்து தெல்தோட்டைப் பாதையில் இறங்கி மலையேறினோம். என்னை அழைத்துச் சென்றவர்தான் அவ்வாண்டு மன்மதன். அவருக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இந்தியக் கடவுச்சீட்டு வந்துவிட்டது; பங்குனியில் பயணம். ரதி வேடம் கட்டியவர் அவருடைய தாய்மாமன் மகன். அவர் குடும்பம் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுச் செய்திருந்தது.

அன்று கம்பத்தில் தீ எழுந்தபின் ரதி பாடிய புலம்பலை நான் இன்றும் மறக்கவில்லை. பாட்டின் சொற்கள் வழிவழி வந்தவை. அவற்றில் எதையும் அவர் மாற்றவில்லை. ஆனால் சுற்றியிருந்த பெண்கள் வழக்கமான இடத்தில் அழாமல் தொடக்கத்திலேயே அழத் தொடங்கிவிட்டார்கள். தப்பு அடித்தவர் ஒரு முறை அடி தவறி, நிறுத்தி, மீண்டும் தொடங்கினார். கதையில் எந்தப் பிரிவைச் சொல்கிறார்கள் என்பது பொட்டலில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

விடிந்ததும் அரிதாரம் கலையாத முகத்தோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்த அந்த ரதியிடம் பேசினேன். "கம்பத்துல எரியிறவரு மூணாம் நாளு எந்திரிச்சிருவாருங்க. கப்பல்ல போறவன் எந்திரிச்சு வருவானா, ஐயா?" என்றார். அதன் பிறகு ஒன்றும் பேசவில்லை. எனக்கும் மேலே கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த மாதம் அந்தக் குடும்பம் தலைமன்னாருக்குப் புறப்பட்டது. உறவினரை ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து இறங்கிய அந்தப் புகைவண்டிகளை மக்கள் 'அழுகைக் கோச்சி' என்றார்கள். தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி மண்டபம் முகாம் வழியாக அவர்கள் தமிழகத்துக்குள் சிதறினார்கள். நானோ கண்டியில் எத்தனை பேர் வரிசையில் நின்றார்கள், எத்தனை மனுக்கள் நிலுவையில் உள்ளன என்று எழுதிக் கொடுத்தேன். அது அச்சாயிற்று. கூத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. அது செய்தியன்று என்று நினைத்தேன். கேளிக்கைக்குப் பத்திரிகையில் வேறு பக்கம் இருக்கிறது என்று நினைத்தேன். ஒப்பந்தம் ஒரு குடும்பத்தை என்ன செய்தது என்பதை அன்றிரவு என் கண்முன் ஆடிக் காட்டினார்கள். நான் எண்ணிக்கையை மட்டும் கொண்டுவந்தேன். அந்தப் புலம்பலை ஒருவரைக் கொண்டாவது எழுதி எடுத்திருக்கலாம். அதைச் செய்யாதது என் தொழில் வாழ்வின் பெரிய குறை.

நான் மட்டும் கவனியாமல் விட்டேன் என்று சொல்வதற்கில்லை. அத்தோட்டத்திலிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கின் கீழே இருப்பது பேராதனைப் பல்கலைக்கழகம். இலங்கையின் நவீன அரங்க மறுமலர்ச்சி பிறந்த இடம் அது. பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர 1956 இல் 'மனமே'யையும் 1961 இல் 'சிங்கபாகு'வையும் உருவாக்கினார். அவர் எடுத்தாண்ட நாடகம என்னும் சிங்கள வடிவமே தமிழ்க் கூத்தோடு உறவு கொண்டது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைச் செம்மைப்படுத்தி மேடையேற்றினார். 'இராவணேசன்' அவற்றுள் பெயர் பெற்றது. இவை பெரும்பணிகள், குறை சொல்வதற்கில்லை. ஆயினும் அதே மலைச்சரிவில் இரவில் ஆடப்பட்ட காமன் கூத்துக்கு அன்று அந்த வெளிச்சம் கிடைக்கவில்லை. அதை எழுத்தில் நிலைநிறுத்த மாத்தளை வடிவேலன் போன்ற மலையகத்து எழுத்தாளர்களே பின்னர் முன்வர வேண்டியிருந்தது.

பிறகு நடந்தவற்றை வாசகர்கள் அறிவார்கள். 1975 இல் பெருந்தோட்டக் கம்பனிகள் அரசுடைமையாயின. 1992 இல் நிருவாகம் மீண்டும் தனியாரிடம் சென்றது. 1983 ஜூலை வன்செயல் மலையகத்தையும் எரித்தது. நாடற்றவராய் எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இல் நிறைவேறியது. 1948 இல் பறித்தது திரும்ப வர ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. அந்த ஐம்பத்தைந்து ஆண்டுகளும் அம்மக்கள் கொழுந்து பறித்தார்கள். நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டினார்கள். ஆனால் ஏட்டில் இல்லை. உயிர் இருக்கிறது, உழைப்பு இருக்கிறது, உரு மட்டும் அரசின் கண்ணுக்குத் தெரியவில்லை. அனங்கன் கதை இம்மக்களுக்கு ஏன் இவ்வளவு நெருக்கமாயிற்று என்று ஆய்வாளர் பல காரணங்கள் கூறலாம். எனக்குத் தோன்றும் காரணம் இதுவே.

கப்பலேறியவர்களோடு கூத்தும் போயிற்று. நீலகிரி மாவட்டத்துக் கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில், தாயகம் திரும்பியோர்க்காகத் தமிழக அரசு உருவாக்கிய தேயிலைத் தோட்டங்களைச் சுற்றி வாழும் மக்கள் காமன் கூத்தை அங்கும் ஆடினார்கள். ஒரு மலையில் வேரோடு பிடுங்கப்பட்டவர்கள் இன்னொரு மலையில் முதலில் தேடியது ஒரு பொட்டலை. அங்கே அவர்களைச் 'சிலோன்காரர்' என்றார்கள். இங்கே இருந்தவரை 'இந்தியாக்காரர்' என்றது போலவே.

இனி இந்த விழாவின் நிலை என்ன? மலையகத்து இளைஞர்கள் படித்து வெளியேறுகிறார்கள். கொழும்புக் கடைகளுக்கும் வெளிநாடுகளுக்கும் போகிறார்கள். அது நல்லதே. ரதிக்குப் பாட ஆள் வேண்டும் என்பதற்காக எவரும் லயத்து அறையில் அடைந்து கிடக்க வேண்டியதில்லை. பல தோட்டங்களில் ஆட்டம் நின்றுவிட்டது. சில தோட்டங்களில் மாசி மாதத்துக்கு இளைஞர்கள் விடுமுறை எடுத்து ஊர் திரும்புகிறார்கள். அவ்வாறு திரும்புவோரைப் பார்க்கும்போது நம்பிக்கை பிறக்கிறது.

ஆனால் திரும்பிவர ஓர் ஊர் வேண்டுமே. 2023 இல் மலையக மக்கள் தங்கள் முன்னோர் வந்த வழியை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தபோது முன்வைத்த கோரிக்கைகளில் காணி உரிமை முக்கியமானது. இருநூறு ஆண்டு வரலாறு கொண்டவர்களில் பெரும்பாலோர்க்கு இன்னும் தாம் குடியிருக்கும் நிலத்துக்கு உறுதி இல்லை. 2025 நவம்பரில் தித்வா புயல் கண்டி, பதுளை, நுவரெலியா மலைச்சரிவுகளைக் குலைத்தபோதும் அதே கேள்விதான் எழுந்தது: பாதுகாப்பான இடத்துக்குப் போ என்கிறீர்கள், போய் நிற்க எங்கள் நிலம் எது?

ஓபெரமர்காவ் மக்கள் ஏறத்தாழ நானூறு ஆண்டுகளாகத் தங்கள் வாக்கைக் காப்பாற்றி வருவதற்குப் பக்தி மட்டும் காரணமன்று. ஆடியவரின் பேரன் அதே ஊரில், தன் வீட்டில், தன் மண்ணில் இருந்தான். கலை காப்போம் என்று நாம் மாநாடு கூட்டுகிறோம், ஒளிப்பதிவு செய்கிறோம், ஆவணக் காப்பகம் அமைக்கிறோம். எல்லாம் வேண்டியவைதான். இவற்றோடு அந்த மக்களுக்குக் காணியும் வேண்டும் என்று சொல்வதும் கலை காக்கும் பணியே.

நண்பருக்கு இப்போது மீண்டும் எழுதியிருக்கிறேன். மாசி அமாவாசைக்கு முன் வந்துவிடுங்கள், பௌர்ணமியன்று மட்டும் வந்து தீயைப் படம் எடுத்துவிட்டுப் போகாதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். மூன்றாம் பிறையன்று நான்கு பேர் குழி தோண்டிக் கம்பம் ஊன்றுவார்கள். கூட்டம் இராது, தப்பு மெல்ல ஒலிக்கும். அதிலிருந்து பார்க்க வேண்டும். இம்முறை நானும் குறிப்பேட்டோடு வருகிறேன்.